சாமி வரும் தெருவுக்கு ஒரு விலை

“அறுபது ரூபா ஆகும் டீச்சர்” என்று சொல்லிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விலை சொன்ன பிறகு வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். பார்த்தால் ஐந்து ரூபாய் தானாகக் குறைந்துவிடும். அவர்கள் வாயைத் திறக்கவே வேண்டாம், நானே குறைத்துவிடுவேன்.

மாடி வைத்த வீடு. தெருப் பக்கம் முழுக்கச் சந்தன நிறத்தில் சிமென்ட் வண்ணம் பூசியிருந்தார்கள். பூசி இரண்டு மழைக்காலம் போயிருக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கரிக் கோடு கோடாகக் கீழே இறங்கியிருந்தது. ஆனி மாத வெயில் ஒன்பது மணிக்கே பிடரியில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே யாரோ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியநாயகி டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். நாற்பதைத் தாண்டியவர். தான் கல்யாணம் செய்துகொள்ளாமல், தங்கை மீனாவை வளர்த்துப் படிக்க வைத்தவர். மீனாவுக்கு இப்போதுதான் ஒரு இடம் கூடி வந்திருந்தது. மாங்கனித் திருவிழா முடிந்த மூன்றாம் நாள் கல்யாணம். சொந்தக்காரர்கள் திருவிழாவுக்கே வந்து இறங்கிவிடுவார்கள், அதற்கு முன்னால் சுவர் கழுவி முடித்திருக்க வேண்டும் என்றார்.

“கழுவிடலாம் டீச்சர்.”

“கல்யாணத்தன்னிக்கும் இப்படியே பளிச்சுன்னு இருக்குமா வேலாயுதம்?”

இங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

“பொண்ணு மாப்பிள்ளையோட வண்டி ஏறுற வரைக்கும் ஒரு கறை இருக்காது டீச்சர். இருந்தா நீங்க காசே தர வேணாம்.”

டீச்சர் லேசாகச் சிரித்தது காதில் விழுந்தது. “சரி, அறுபது” என்று உள்ளே போய் முன்பணம் முப்பது ரூபாய் எடுத்து வந்து கொடுத்தார். பேரமே பேசவில்லை. என் பேச்சுத் திறமையில் மயங்கிவிட்டார் என்று முடிவு செய்துகொண்டு, நேராகப் போய்ப் பதினெட்டு அடியில் ஒரு மூங்கில் ஏணி வாங்கிவிட்டேன். முன்பணம் ஏணியோடு சரி.

கழுவுவதற்குக் காசா?

போன வாரம் இந்தப் பகுதியில் பாசியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். சுவர் கழுவுவதெல்லாம் ஒரு தொழிலா, வெள்ளையடிக்கிறவர் செய்துவிட்டுப் போகிற வேலைதானே என்று கேட்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுபதுகளின் கடைசியில் காரைக்காலே அப்படித்தான் கேட்டது.

வெள்ளையடிக்க வருகிறவர் முதலில் தேங்காய் நாரை வைத்து நாலு இழுப்பு இழுப்பார். அதைத்தான் கழுவுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாசி அப்படியே இருக்கும், அதன் மேலேயே சுண்ணாம்பு ஏறும். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு போய்ப் பாசி மட்டும் மிஞ்சும். ஒழுங்காகக் கழுவினால் வருஷா வருஷம் அடிக்கவே வேண்டாம் என்று கண்டுபிடித்தது நானில்லை, என் மனைவி சரோஜா. அவள் காரைக்காலை அடுத்த நிரவிக்காரி. அங்கே ஒரு பெரிய வீட்டில் அவள் அம்மா வேலை பார்த்தபோது, சுவரை அவளே தேய்த்துப் பழகியிருந்தாள்.

நான் நன்னிலம் பக்கம். அண்ணனோடு சேர்ந்து குத்தகை நிலத்தில் பயிர் செய்துகொண்டிருந்தவன். கல்யாணமாகி ஒரு வருஷம் அண்ணன் வீட்டில், மாட்டுக் கொட்டிலை ஒட்டிய அறையில் இருந்தோம். பொங்கல் முடிந்ததும் கிளம்பிக் காரைக்காலுக்கு வந்து ஓர் அறை வாடகைக்கு எடுத்தோம். அண்ணன் பேருந்து ஏற்றிவிடும்போது, “ஆடிக்குள்ள நிலையா ஒண்ணு அமையலன்னா வந்துடுப்பா. நடவுக்கு ஆள் வேணும்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் எனக்கு முள்ளாகத்தான் இருந்தது.

ஆனி பிறந்தபோது சரோஜாவுக்கு ஆறு மாதம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்குள் நுழைவோம், எங்கள் அறைக்கா, மறுபடியும் அந்தக் கொட்டிலுக்கா என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை. இங்கேயே நிலைக்கப் பெரிய வீடு ஒன்று கழுவக் கிடைக்க வேண்டும். பெரிய வீட்டில் பெயர் எடுத்தால் தெருவே கூப்பிடும்.

ஒரு செம்புத் தண்ணீர்

விலை சொல்வதில் சரோஜாவுக்கு ஒரு முறை இருந்தது. வீட்டுக்காரரிடம் ஒரு செம்புத் தண்ணீர் கேட்பாள். குடிக்கத்தான் கேட்கிறாள் என்று கொண்டு வந்து கொடுப்பார்கள். அதை அப்படியே சுவரில் வீசுவாள். முதல் தடவை பார்க்கிறவர்கள் பதறிப் போவார்கள்.

கோடையில் சுவரில் கறுப்பாகத் தெரிவது வெறும் அழுக்கு இல்லை, காய்ந்து தூங்குகிற பாசி. தண்ணீர் பட்டதும் அது முழித்துக்கொள்ளும். ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்தில் கறுப்பு பச்சையாகிவிடும். எவ்வளவு பச்சை வருகிறதோ அவ்வளவு தேய்ப்பு. தண்ணீர் வழியாமல் சுவரே உறிஞ்சிக்கொண்டால் பூச்சு பழசு, அழுத்தித் தேய்த்தால் கையோடு வரும், அதனால் நாள் கூட ஆகும். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அவள் கண்ணால் எனக்கு ஜாடை காட்டுவாள். நான் விலை சொல்வேன்.

சொன்ன விலை குறைச்சல் என்றால் சரோஜா இருமுவாள். அதிகம் என்றாலும் இருமுவாள். சரியாக இருந்தால் ஒன்றும் பேசமாட்டாள். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாள். வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஊருக்கு ஊர் விலை கேட்கிற விதமே வேறு. திருமலைராயன்பட்டினத்தில் பெரிய முஸ்லிம் வீடுகளில் ஆண்கள் சிங்கப்பூரில் இருப்பார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ராத்தாவின் குரல் மட்டும் வரும். “அந்தப் பிள்ளைய உள்ளே அனுப்புங்க, முற்றத்துச் சுவரையும் அது பாத்துச் சொல்லட்டும்” என்று சரோஜாவை மட்டும் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் வெளியே நின்று என்ன விலை வரப்போகிறதோ என்று அறியாமல் கல்லை எண்ணிக்கொண்டிருப்பேன். தருமபுரத்தில் சர்க்கார் உத்தியோகக்காரர்கள், எதையும் எழுதிக் கொடு என்பார்கள். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். அதை மடித்து மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து எடுத்து, “ஏழுன்னு போட்டிருக்கியே, இது ஒண்ணு மாதிரி இருக்குதே” என்று ஆரம்பிப்பார்கள்.

காரைக்கால்மேட்டில் இந்த வம்பெல்லாம் கிடையாது. கடல் காற்றில் சுவர் உப்புப் பூத்து நிற்கும், கையை வைத்தால் மாவாக வரும். விலை சொன்னால் சரி என்பார்கள், இல்லை என்றால் இல்லை. மீன் ஏலம் கூறிப் பழகினவர்களுக்கு ஒரு சொல் போதும். வேலை முடிந்து போகும்போது கையில் நாலு மீனையும் கோத்துக் கொடுப்பார்கள். அந்த மீனுக்காகவே நான் அங்கே இரண்டு ரூபாய் குறைத்துச் சொல்வேன். சரோஜா இருமுவாள், மீனைக் கண்டதும் இருமல் நின்றுவிடும்.

சாமி எந்தத் தெரு வழியா வருது?

டீச்சர் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். சரோஜா அன்றைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். செம்பும் கேட்கவில்லை, தண்ணீரும் வீசவில்லை. வீட்டின் உயரத்தையும் டீச்சரின் தங்க விளிம்புக் கண்ணாடியையும் பார்த்து அறுபது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். நியாயமாக அந்தச் சுவருக்கு முப்பது போதும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பெருமையாகச் சொன்னேன். சரோஜா சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்தாள்.

“எந்தத் தெருங்க?”

சொன்னேன்.

“என்னிக்குக் கழுவச் சொன்னாங்க?”

“திருவிழாவுக்கு முன்னாடி.”

“கல்யாணம் வரைக்கும் கறையே இருக்காதுன்னு நீங்களா சொன்னீங்களா, அவங்க கேட்டாங்களா?”

“நானாத்தான் சொன்னேன்.”

“சாமி எந்தத் தெரு வழியா வருதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

மாங்கனித் திருவிழா என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் பார்த்ததில்லை. முந்தைய ஆனியில் நான் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். கோயிலில் மாம்பழத்தைத் தட்டில் வைத்துப் பிரசாதமாகக் கொடுப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சிவன் பிச்சாண்டவராக வீதி வலம் வரும்போது இரண்டு பக்கத்து மாடிகளிலிருந்தும் ஜனங்கள் மாம்பழங்களை வாரி வீசுவார்கள், கீழே நிற்கிறவர்கள் பிடிப்பார்கள், பிடித்ததைச் சாப்பிட்டால் பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை என்று சரோஜா சொன்னாள். பிடிபடாத பழமெல்லாம் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. அதுவும் புரிந்துவிட்டது.

“கழுவின சுவர்ல சாறு பட்டு வெயில்ல காஞ்சுதுன்னா அவ்வளவுதான். தேச்சா வண்ணத்தோடதான் வரும்” என்றாள். “தெரு பூரா ஜனம் நிக்கும். சாயங்காலம் வரைக்கும் ஏணி வைக்க முடியாது.”

வாசலுக்கு வெளியே புது ஏணி சாய்ந்திருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

ஒரு பழத்துக்கு ஒரு கறை

சொன்ன சொல்லுக்காகச் சுவரைக் கழுவினோம். சலவை சோடா கரைத்த தண்ணீர், தென்னை நார், மூன்று நாள். கழுவி முடித்ததும் அந்த வீடு புதுசாகத் தெரிந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வேறு சமயமாக இருந்தால் நான் மீசையை முறுக்கியிருப்பேன்.

திருவிழாவன்று இரண்டு பேரும் விடியற்காலையிலேயே டீச்சர் வீட்டு வாசலில் நின்றோம். நான் ஒரு பழைய கொசுவலை கொண்டுபோயிருந்தேன். ஜன்னல் கம்பியில் கட்டிச் சுவரை மூடிவிடலாம் என்பது என் யோசனை. டீச்சர் அதைப் பார்த்ததும், “கல்யாண வீடுப்பா, சாமி வர்ற நேரத்துல துணி போட்டு மூடுறதா?” என்றார். கொசுவலையைச் சுருட்டித் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டேன்.

சரோஜா மட்டும் டீச்சரிடம் ஏதோ பேசிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறிப் போனாள்.

பத்து மணிக்கு மேல் தெருவில் எள் போட இடமில்லை. மேளச் சத்தம் நெருங்கியதும் எதிர் மாடியில் கூடைகள் தூக்கப்பட்டன. முதல் பழம் என் தலைக்கு மேல் ஒரு முழம் தள்ளிச் சுவரில் ‘பொத்’ என்று விழுந்து, மஞ்சளாக வழிந்தது. நல்ல பழுத்த ரூமானி.

தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். அடுத்த பழத்தைத் துண்டில் வாங்கினேன். அதற்கடுத்ததை நெஞ்சில் வாங்கினேன். ஒரு பழத்துக்கு ஒரு கறை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. சுவருக்கு முன்னால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன், எகிறினேன். பக்கத்தில் நின்றவர்கள் நீட்டிய கைக்கு மேலேயே தாவி எடுத்தேன். ஒற்றைப் பழத்துக்காக வெளியூரிலிருந்து வந்து தவம் கிடந்தவர்கள் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்கள்.

அப்போதுதான் மேலிருந்து தண்ணீர் வழிந்து என் முதுகில் இறங்கியது.

அண்ணாந்து பார்த்தேன். சரோஜா கைப்பிடிச் சுவரோரம் நின்று, செம்பு செம்பாகச் சுவரோடு ஒட்டித் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் வீட்டுப் பெண்கள் குடத்தில் மொண்டு மொண்டு கொடுத்தார்கள். சுவர் காயாமல் இருந்தால் சாறும் காயாது. எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை, அவளுக்குத் தோன்றியதே போதும் என்றிருந்தது. வெயிலில் வெந்துகொண்டிருந்த ஜனங்கள், தங்களுக்காகத்தான் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று நினைத்துச் சுவரோரமாக நகர்ந்து வந்து நின்றுகொண்டார்கள். “மகராசி, நல்லா இருக்கணும்” என்று ஒரு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

பட்டை பட்டையாக விபூதி பூசிய ஒருத்தர் மட்டும் பொறுக்க முடியாமல் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏன்யா, ஒனக்கு எத்தனைதான் வேணும்? மேல நிக்கிறது ஒன் சம்சாரமா?”

“ஆமாங்க.”

“வயித்துல ஒண்ணு இருக்குறப்பவே இந்தப் பேராசையா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேலே சரோஜாவும் சிரித்தாள், செம்பு கைநழுவிப் போகிற அளவுக்கு. என் காலடியில் பழங்கள் அம்பாரமாகக் குவிந்து கிடந்தன. பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மடியை விரித்து நின்றாள். முப்பது வயதுக்கு மேலிருக்கும். ஒரு பழத்தை எடுத்து அதில் வைத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் பொத்தி மூடிக்கொண்டாள். நான் சுவருக்காகப் பிடித்த பழம் அது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு என் முன்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது என் தலைக்கு மேல் பொத் பொத் என்று விழுந்துகொண்டேதான் இருந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன். மேலே ஒருத்தி நனைத்துக்கொண்டுதான் இருக்கிறாளே.

கணக்கு டீச்சர்

மறுநாள் காலையில் ஏணி வைத்தோம். பன்னிரண்டு கறை. ஈரத்திலேயே ஊறியிருந்ததால் சோடாத் தண்ணீரில் நனைத்த சாக்கை ஒற்றி ஒற்றி எடுத்தாலே வந்தது. ஆனால் முந்தின நாள் தண்ணீரோடு மொட்டைமாடிப் புழுதியும் இறங்கி, சுவர் முழுக்க மங்கலாகக் கோடு விழுந்திருந்தது. மேலிருந்து கீழ் வரை மறுபடி கழுவியாக வேண்டும். அதற்கு வேறு காசு கேட்க எனக்கு வாயில்லை.

டீச்சர் இரண்டு டம்ளரில் காபி எடுத்து வந்து, ஏணிக்குக் கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்.

“நீ அறுபதுன்னு சொன்னப்போ முதல்ல அதிகமா இருக்கேன்னுதான் நினைச்சேன் வேலாயுதம். அப்பறம் கல்யாணம் வரைக்கும் கறை இருக்காதுன்னு சொன்னியா, அப்பத்தான் புரிஞ்சுது. திருவிழாவுக்கு முன்னாடி ஒரு முப்பது, பின்னாடி ஒரு முப்பது. ரெண்டு தடவைக்கும் சேத்துத்தான் நீ கேக்குறேன்னு. வெளியூர்லேர்ந்து வந்து இவ்வளவு யோசிச்சு விலை சொல்றானேன்னுதான் பேரமே பேசல.”

கீழே சரோஜா இருமினாள். சாதாரண இருமல் இல்லை, புரையேறிவிட்டது.

“ஆமாங்க டீச்சர்” என்றேன். இத்தனை வருஷம் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டீச்சர் எங்கேயாவது இருந்து இதைப் படித்தால் மன்னித்துவிடட்டும்.

பதினோரு கறை போய்விட்டது. பன்னிரண்டாவது மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில், மஞ்சள் குழைத்து அப்பியது போல இருந்தது. சாக்கை நனைத்து அதன் மேல் வைக்கப் போனேன்.

“அதை விட்டுடு” என்றார் டீச்சர்.

“வந்துடும் டீச்சர். ரெண்டு ஒத்து ஒத்துனா போதும்.”

“வரும்னு தெரியும். அது மீனா ரூம் ஜன்னல். முப்பத்தி மூணு வயசுல கல்யாணம் ஆகுது அவளுக்கு. சாமி பழம் பட்ட இடம், அது பாட்டுக்கு இருக்கட்டும்.” குரல் கொஞ்சம் இறங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மறுபடியும் கணக்கு டீச்சராகிவிட்டார். “ஆனா ஒரு கறை இருந்தாலும் காசு வேணாம்னு சொன்னவன் நீ. போனாப் போவுது, இந்த ஒரு கறைக்கு எவ்வளவு குறைக்கிறே சொல்லு.”

அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததை நான் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். விலை சொல்லும்போது வீட்டுக்காரர் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“கொறைக்க முடியாது டீச்சர். ஒரு ரூபா கூட ஆகும்.”

“கூடவா?”

“மேலேர்ந்து சுவர் பூரா தண்ணி விட்டுக் கழுவணும். அந்தக் கறை மேல மட்டும் ஒரு சொட்டுப் படக் கூடாது. ஒருத்தர் அதைக் கையால மறைச்சுப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். எடுக்குறது சுலபம், விட்டு வைக்கிறதுதான் வேலை.”

டீச்சர் அந்தக் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விரலால் காற்றில் ஏதோ கூட்டிப் பார்த்தார். அதிகமாகச் சொல்லிவிட்டேனோ, குறைச்சலோ, கேட்டதே தப்போ என்று கீழே சரோஜாவைத் தேடினேன்.

அவள் இருமவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆடியில் நாங்கள் அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.